இருவருக்கும் சேர்த்து மூன்று கால்

மகனுக்கு,

நலம் விசாரிக்கும் வரியை இந்தக் கடிதத்தில் தேடாதே. நீ நலம் என்பதை நீ அனுப்பும் படங்களிலிருந்து அறிகிறேன். நான் நலம் என்பதை நீ அறிவாய். அந்த நலத்தை ஏற்பாடு செய்தவனே நீதான். நலமில்லாதவன் ஒருவன் இங்கே இருக்கிறான். அவனைப் பற்றி எழுதுமுன் குறைகளை வரிசையாக வைக்கிறேன். தேதிகள் நினைவிலிருந்து எழுதியவை அல்ல. நாட்காட்டித் தாள்களைக் கிழித்து, பின்பக்கத்தில் அன்றன்று குறித்து வைத்தவை.

1. சென்ற வைகாசி 11. விடுப்பில் வந்திருந்த நீ என் இடது பாதத்தில் நாடித்துடிப்பு இல்லை என்று கண்டாய். எட்டாம் நாள் சென்னையில் அந்தக் காலின் அடைபட்ட ரத்தக்குழாய் திறக்கப்பட்டது. இது எப்படிக் குறையாகும் என்று கேட்பாய். மற்றவற்றையும் படித்துவிட்டுக் கேள்.

2. ஆனி 4. உன் சித்தப்பா தனக்கும் என்னைப்போலவே கால்வலி இருப்பதாகச் சொன்னான். உன்னிடம் தெரிவித்தேன். "வரும்போது பாக்குறேன்ப்பா" என்றாய். நீ வரவில்லை.

3. புரட்டாசி 9. இங்கே திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையில் அவன் கால்விரல் புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். கையில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். காலில் பார்க்கவில்லை.

4. புரட்டாசி 17. அவன் பாதத்தின் படங்கள் நான்கை உனக்கு அனுப்பினேன். நீ பார்த்ததற்கான நீலக் குறிகள் அன்றே விழுந்தன. பதில் ஐந்து நாள் கழித்து வந்தது.

5. புரட்டாசி 19. இந்தக் குறை உன்மீது அல்ல, என்மீது. இதைத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

6. புரட்டாசி 24. அவனுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்கப்பட்டது.

7. கார்த்திகை 14. உன் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்த செய்தியை நம் குடும்பக் குழுவில் போட்டாய்.

8. இந்தப் பங்குனி 12. அவனுடைய இடது காலைப் பற்றித் தொலைபேசியில் சொன்னேன். "வெட்டுன ஆஸ்பத்திரியிலயே காட்டுங்கப்பா, அடுத்த வாரம் பேசுறேன்" என்றாய். அந்த அடுத்த வாரம் முடிந்து ஐந்து நாள் ஆகிறது.

இந்தக் கடிதத்தையும் அதே குடும்பக் குழுவில்தான் போடுகிறேன். உன் கட்டுரைக்குக் கைதட்டிய அத்தனை பேரும் இதையும் படிக்கட்டும். சித்தப்பா மட்டும் படிக்கமாட்டான். அவனிடம் இருப்பது பொத்தான் வைத்த சிறிய போன்.

என் கால் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் உன் திறமை இருக்கிறது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. அன்று காலை நாம் இருவரும் வீட்டிலிருந்து கடைவீதிக்கு நடந்து போனோம். வழி நெடுகச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிகள். நான் ஒவ்வொன்றின் முன்பும் நின்று, இறந்தவரின் பெயர், வயது, இறுதி ஊர்வலம் புறப்படும் நேரம் எல்லாவற்றையும் படித்தேன். மூன்றாவது சுவரொட்டியில் நீ கேட்டாய்: "யாருப்பா, தெரிஞ்சவரா?" இல்லை என்றேன். "அப்புறம் ஏன் ஊர்ல செத்தவங்க எல்லாருக்கும் நின்னு மரியாதை பண்றீங்க?" என்றாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். சிரிப்பு அடங்குவதற்குள் உனக்குப் புரிந்துவிட்டது. இருநூறு அடி நடந்தால் என் ஆடுசதை இறுகிப் பிடிக்கும். நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். அதை ஊரார் அறியாமல் இருக்க, உன் அம்மா இறந்த ஆண்டிலிருந்து நான் கற்றுக்கொண்ட உபாயம் அந்தச் சுவரொட்டிகள். நீ என்னை ஒரு பாத்திரக் கடைப் படியில் உட்காரவைத்தாய். நடுத்தெருவில் குனிந்து, செருப்பைக் கழற்றி, என் புறங்காலில் இரண்டு விரல்களை வைத்துக் காத்திருந்தாய். அந்த இரண்டு விரல்களை நான் மறக்கவில்லை. எட்டாம் நாள் சென்னையில், கையில் கட்டும் ரத்த அழுத்தப் பட்டையை என் கணுக்காலில் கட்டினார்கள். கையின் அழுத்தத்தையும் காலின் அழுத்தத்தையும் ஒப்பிட்டார்கள். முப்பது ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவனுக்கு அந்தச் சோதனையின் எளிமை வியப்பாக இருந்தது. ஒரு பட்டை, ரத்தம் ஓடும் ஓசையைக் கேட்க ஒரு சிறு கருவி, பத்து நிமிடம். பிறகு தொடையிடுக்கில் ஓர் ஊசித் துளை, அதன் வழியே ஒரு மெல்லிய குழாய். மூன்றாம் நாள் ஊர் திரும்பி, நிற்காமல் நடந்து வீட்டுக்குள் வந்தேன்.

சித்தப்பா என்னைப் பார்க்கச் சின்னாளப்பட்டியிலிருந்து வந்தான். எப்போதும் சைக்கிளில் வருகிறவன், அன்று பேருந்தில் வந்தான். அதை நான் கவனிக்கவில்லை. சித்தி சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தனுப்பிய வெஞ்சனத்தைச் சமையலறையில் வைத்துவிட்டு, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்கண்ணே வெட்டுனாக? தழும்பையே காணோம்."

"வெட்டெல்லாம் இல்லடா. இங்கன ஒரு ஊசிக் குத்துதான்."

"அம்புட்டுத்தானா? இதுக்கா சென்னை வரைக்கும் போன? நம்ம வீதியில பச்சை குத்துறவர்ட்டச் சொல்லியிருந்தா முடிச்சுவிட்டிருப்பாருல்ல."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் அவன் குரலை இறக்கிச் சொன்னான்: "எனக்கும் இப்புடித்தாண்ணே இருக்கு. மெயின் ரோட்டுல பஸ்ஸ விட்டு எறங்கி வீடு போறதுக்குள்ள நாலு எடத்துல நிக்கிறேன்."

நான் சொன்ன பதிலை எழுத்துப் பிசகாமல் எழுதுகிறேன். "ஏலே, ஒனக்கு அது மிதி வலிடா. சின்ன வயசுல இருந்து மிதிக்கிற. தைலத்தப் போட்டுத் தேயி." குழித்தறியில் உட்காருகிறவன் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, நாள் முழுக்க மிதிபலகைகளை மாற்றி மாற்றி மிதிக்கிறான். அவனுக்குக் கால் வலிப்பது, எழுதுகிறவனுக்கு விரலில் மை ஒட்டுவதுபோல என்று நான் நினைத்தேன். "அதுவுஞ் செரிதான்" என்று அவன் ஒப்புக்கொண்டான். நான் படித்தவன் என்பதால் ஒப்புக்கொண்டான்.

யோசித்துப் பார். ஒரே தகப்பனுக்குப் பிறந்த இருவர். ஒரே ஆண்டில் புகைக்கத் தொடங்கினோம். நான் சிகரெட், அவன் பீடி. ஒரே நோய், ஒரே அடையாளம். எனினும் அமெரிக்காவில் பணிபுரியும் மருத்துவர் கண்டுபிடித்த நோய்க்கு ஒரு தகுதி இருப்பதாகவும், அது ஒரு நெசவாளியின் காலுக்கு வராது என்றும் என்னுள் ஏதோ ஒன்று நம்பியது. அது படித்தவனின் கர்வம்; அதற்கு நான் வேறு பெயர் சொல்லப் போவதில்லை.

ஆவணியில் சித்தி என்னிடம் முறையிட்டாள். "ராவெல்லாம் தறியிலயே கெடக்காரு மாமா. கட்டில்ல காலை நீட்டுனா காந்துதாம். குழிக்குள்ள தொங்கப் போட்டாத்தான் செத்த நேரம் கண்ணசருதாம். கேட்டா, தீவாளிக்குச் சேலை குடுக்கணும்ல, அப்டீங்கறாரு." நான் அவளிடம் அவனுடைய உழைப்பைப் புகழ்ந்தேன். வேறொரு வீட்டில், ஒருவன் இரவெல்லாம் கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால், என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பார்கள். நெசவாளி தறிக்குழியில் காலைவிட்டு உட்கார்ந்திருந்தால் யார் கேட்பார்கள்? அது அவன் வேலை செய்யும் இடம். அடைபட்ட குழாயில் ரத்தம் பாய வலுவில்லாதபோது, காலைக் கீழே தொங்கவிட்டால் தன் எடையாலேயே சிறிது இறங்கும். அதனால் வலி தணியும். திரவம் நிற்கும் உயரத்துக்கு ஏற்ப அதன் அழுத்தம் கூடும் என்பதை ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். என் தம்பியின் காலில் அது வரையப்பட்டிருந்தபோது எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

புரட்டாசியில் மிதிபலகையின் ஆணி அவன் சுண்டுவிரலைக் கீறியது. ஆறவில்லை. மருத்துவமனையில் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் விரல் கறுத்தது. சித்தி கேட்டாள்: "மதுரைக்குக் கூட்டிப் போவமா மாமா? நம்ம ரோட்டுலதான பஸ்ஸு போகுது." அவள் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அந்த நாளில் எங்களுள் சரியாகப் பேசியவள் அவள் ஒருத்திதான். நான் சொன்னேன்: "பொறு, டாக்டர்ட்டக் கேட்டுட்டுச் செய்வோம்." டாக்டர் என்றால் நம் வீட்டில் நீ. உள்ளூர் மருத்துவர் எழுதும் மாத்திரைச் சீட்டைக்கூடப் படம் பிடித்து உனக்கு அனுப்பி, நீ சரி என்றபின்தான் விழுங்கும் வீடு இது. மருத்துவர் இல்லாத வீட்டுக்காரன் பயந்துபோய் அன்றே பேருந்து ஏறியிருப்பான். மருத்துவர் உள்ள வீட்டுக்காரர்களான நாங்கள் உனக்குப் பொழுது விடியட்டும் என்று காத்திருந்தோம்.

இனி ஐந்தாவது குறை. புரட்டாசி 19 அன்று நான் சித்தப்பாவின் வீட்டுக்குப் போனேன். அவன் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி: "தம்பி என்னண்ணே சொன்னான்?" நீ எதுவும் சொல்லவில்லை. என் மகன் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாளாகப் பேசாமல் இருக்கிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பாத்துட்டான். பயப்பட ஒண்ணும் இல்லையாம். கட்ட மாத்திக்கிட்டே இருக்கச் சொன்னான்" என்றேன். அவன் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். சித்தியைக் கூப்பிட்டு, "பாத்தியாடி, நீ என்னமோ குதிச்ச. அமெரிக்காவுல உக்காந்துக்கிட்டு என் சுண்டுவெரலப் பாத்துட்டான் எங்க டாக்டரு" என்றான். அதன்பிறகு அவன் வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. நீ பயப்பட வேண்டாம் என்றதாக அவன் நம்பியதால், பயப்படுவது உனக்கு மரியாதைக் குறைவு என்று எண்ணியிருக்க வேண்டும். 22 அன்று உன் பதில் வந்தது: உடனே ரத்தக்குழாய் நிபுணரிடம் காட்டவும். அப்போது அவனுக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தடுமாறிக்கொண்டிருந்தது. கறுப்பு பாதம் முழுவதும் பரவியிருந்தது. முன்பு கட்டுப்போட்ட அதே மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அறுவை மருத்துவர் இளைஞர். உன் வயதுதான் இருக்கும். "சார், காலா உசுரான்னு வந்து நிக்கிறீங்க. எங்ககிட்ட ரத்தக்குழாய் பாக்குற டாக்டர் இல்ல. போன வாரமே மதுரைக்குப் போயிருக்கணும்" என்றார். "போன வாரத்துக்கு முந்துன வாரம் இதே மேசையிலதான் இருந்தான். நீங்க கையில மட்டும் கட்டிப் பாத்தீங்க" என்றேன். அவர் ஒப்புதல் படிவத்தை என் பக்கம் தள்ளினார். ரத்த அழுத்தப் பட்டை அந்த மேசைமீதே சுருண்டு கிடந்தது. கைக்கும் கணுக்காலுக்கும் இடையே உள்ள தூரத்தை அது கடந்திருந்தால் போதும். சென்னையில் அந்தத் தூரம் மூன்று அடி. இங்கே எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகையில் உன் கட்டுரை வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய், கோபத்தில் உன் தகுதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கால் ரத்தக்குழாய் அடைப்பு ஒன்றே என்றாலும், அந்த நாட்டில் வெள்ளையரின் குழாய் திறக்கப்படுகிறது, கறுப்பினத்தவரின் கால் வெட்டப்படுகிறது என்று எழுதியிருக்கிறாய். பல நேரங்களில் குழாயைப் படம் எடுத்துப் பார்க்கும் பரிசோதனைகூட நடப்பதில்லை, நோயாளி எந்த ஊரில் வசிக்கிறார் என்பதே காலின் விதியைத் தீர்மானிக்கிறது, வலியைச் சொன்னபோது யார் நம்பப்பட்டார் என்பதைப் பொறுத்தே எல்லாம் நடக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலால் கோடிட்டேன். நீ பார்த்திராத மனிதர்களின் கால்களுக்காக நீ கொண்ட சினம் உண்மையானது. அவர்களுக்கு அது தேவை. ஆனால் உனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவனின் கால், அந்தக் கட்டுரையை நீ திருத்திக்கொண்டிருந்த அதே புரட்டாசியில், உன் கைபேசியில் நான்கு படங்களாகக் கிடந்தது. நிறம் இங்கே காரணமல்ல. அவனும் நானும் ஒரே நிறம். பதினோரு கிலோமீட்டர் தூரமும் ஒரு பட்டமும்தான் எங்களுக்கு இடையே இருந்தன. அவற்றோடு, நான் உன் தகப்பன், அவன் சித்தப்பன். உன் கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி இல்லை.

இப்போது ஞாயிறுதோறும் நான்தான் அவன் வீட்டுக்குப் போகிறேன். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்கும். உன் அம்மா போனபின் இந்த வீட்டுக்குக் காரியமில்லாமல் வந்துபோன ஒரே மனிதன் அவன். வாரத்தின் மற்ற நாட்களில் கல்லூரியில் பேசுவதோடு என் பேச்சு முடிந்துவிடுகிறது. மாலையில் கடைவீதி வரை நிற்காமல் நடக்கிறேன். சுவரொட்டிகள் முன்பு இப்போது நிற்கத் தேவையில்லை. கால் வலிக்காமல் நடப்பது இத்தனை கசப்பாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவன் என்னை ஒரு சொல்லும் குறை சொன்னதில்லை. "அண்ணே, நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து மூணு காலு. ஆளுக்கு ஒண்ணரை. பாகம் பிரிச்சதுல வம்பில்ல" என்கிறான். சித்தி அவனை அதட்டுகிறாள். நான் சிரித்துவிட்டு, வரும் வழியில் பேருந்தில் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

பங்குனி இரண்டாம் ஞாயிறு நான் போனபோது அவன் தறியில் உட்கார்ந்திருந்தான். தறியில் பாவு நூல் இல்லை. ஒற்றைக் காலால் குழித்தறி மிதிக்க முடியாதென்று சித்தி பாவை எப்போதோ கழற்றிவிட்டாள். நெய்யாதவன் வெறுந்தறியின் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு ஏன் உட்கார்ந்திருக்கிறான்? வாசற்படியில் நின்றபடியே எனக்கு எல்லாம் புரிந்தது, ஏழு மாதம் தாமதமாக. "எத்தனை நாளாடா?" என்று கேட்டேன். "என்னத்த?" என்றான். "எத்தனை நாளா இந்தக் குழியில உக்காந்து தூங்குற?" அவன் குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு சொன்னான்: "தை மாசத்துல இருந்துண்ணே." மறுநாள் ரத்த அழுத்தம் பார்க்கும் மின்கருவி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். முதலில் என் கணுக்காலில் கட்டினேன், எண் வந்தது. அவன் கணுக்காலில் கட்டினேன். கருவி இறுகியது, இறுகியது, எண் காட்டாமல் பிழை என்று காட்டி நின்றது. மூன்று முறை. "மெசினு மக்கர் பண்ணுதோ?" என்றான் அவன். அன்று மாலைதான் உனக்குத் தொலைபேசியில் பேசினேன்.

நான் இம்முறை காத்திருக்கவில்லை. மதுரையில் ரத்தக்குழாய் மருத்துவர் ஒருவரிடம் சித்திரை 9 அன்று காலை நேரம் வாங்கிவிட்டேன். அதற்கு முன்னால் நேரம் கிடைக்கவில்லை; பரிந்துரைக்க அங்கே எனக்கு யாருமில்லை. வாடகைக் காரும் சொல்லிவிட்டேன். தடை ஒன்றே ஒன்று. அவன் வர மறுக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போனால் வெட்டுவார்கள் என்று அவன் கால் அவனுக்குக் கற்பித்திருக்கிறது. "இருக்குற ஒண்ணோட கெடக்கேன், விடுண்ணே" என்கிறான். நான் கெஞ்சினேன், சித்தி அழுதாள். கடைசியில் அவன் ஒரு வழி சொன்னான். "எங்க டாக்டரு எழுதிக் குடுக்கட்டும். போன்ல வேணாம். தம்பி கைப்பட எழுதட்டும், சித்தப்பா போங்கன்னு. அன்னைக்கு அவன் சொன்னதக் கேட்டுத்தான கட்டு மாத்துனேன், இன்னைக்கும் அவன் சொன்னாக் கேக்குறேன்." நீ சொன்னதாக நான் சொன்ன பொய்யை அவன் இன்னும் உன் வார்த்தையாகப் பத்திரமாக வைத்திருக்கிறான். காலை இழந்த பிறகும் உன்மேல் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை.

உனக்கு நான்கு வயதிருக்கும்போது அவன் நெய்துகொண்டிருக்க, நீ தறிக்குழிக்குள் இறங்கி, அவன் இரண்டு கால்களுக்கும் நடுவே நின்றுகொண்டு, எந்தக் கால் இறங்கப்போகிறது என்று ஊகித்துக் கத்துவாய். உனக்காக அவன் வேண்டுமென்றே தப்பாக மிதித்து, இழை பிசகி, திட்டு வாங்குவான். அந்தக் கால்களை உனக்குத் தெரியும். அறிமுகம் தேவையில்லை.

ஆகவே நான் கோருவது இது. ஒரு தாளில், தமிழில், உன் கைப்பட அவனுக்குக் கடிதம் எழுது. தட்டச்சு வேண்டாம். முதலில், புரட்டாசி 19 அன்று நீ எதுவும் சொல்லவில்லை, அப்பா பொய் சொன்னார் என்று எழுது. அதை நானே அவனிடம் சொல்லிவிட்டுத்தான் உன் தாளைக் கொடுப்பேன். இரண்டும் ஒன்றாக இருக்கட்டும். அடுத்து, படங்களைப் பார்த்தும் ஐந்து நாள் ஏன் பேசவில்லை என்று எழுது. காரணம் என்னவாக இருந்தாலும் எழுது. மறந்துவிட்டேன் என்பதுதான் காரணம் என்றால் அதையே எழுது. அதன்பின், குழாயைத் திறப்பது வேறு, காலை வெட்டுவது வேறு என்பதை அவனுக்குப் புரியும் சொற்களில் விளக்கி, மதுரைக்குப் போகச் சொல். தேதி போடு. கீழே பட்டங்கள் வேண்டாம், அண்ணன் மகன் என்று கையெழுத்திடு. தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினால் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

சித்திரை 7 மாலை ஆறு மணி, நம் ஊர் நேரம். அதுவே கெடு. அதற்குள் தாள் வராவிட்டால், சித்திரை 8 காலை நான் வெறுங்கையோடு அவன் வீட்டுக்குப் போவேன். தறிக்குழியின் ஓரத்தில் உட்காருவேன். "தம்பி என்னண்ணே சொன்னான்?" என்று அவன் கேட்பான். இரண்டாம் முறை உன் பெயரில் நான் பொய் சொல்ல மாட்டேன்.